நரம்பணு வளர்ப்பில் தானே எழும் மின்துடிப்பு: கலைச்சொல் குறித்து

நண்பர்களுக்கு வணக்கம்.

கிண்ணத்தில் வளர்க்கப்படும் நரம்பணுக்கள் (நரம்புச் செல்கள்) வெளித்தூண்டல் ஏதுமின்றி எழுப்பும் மின்துடிப்புகளுக்குத் (ஆங்கிலத்தில் spontaneous burst) 'தன்னிச்சை வெடிப்பு' என்னும் தொடர் முன்மொழியப்பட்டுள்ளது. அதன் இரு பாதிகளையும் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

இச்சை என்றால் விருப்பம். எலிக்கருவின் மூளைப் புறணியிலிருந்து பிரித்தெடுத்த அணுக்களுக்கு விருப்பத்தை ஏற்றிச் சொல்வது இத்துறையில் சிறிய பிழையன்று. மெல்பர்னில் நரம்பணு வளர்ப்பைப் 'பாங்' என்னும் பந்தடிக் கணினி விளையாட்டுடன் இணைத்துச் செய்த ஆய்வு 2022-இல் வெளிவந்தபோது, உணர்வுடைமையைக் குறிக்கும் சொல் அதன் தலைப்பில் இடம்பெற்றதற்கே அறிவியலாளர் பலர் மறுப்புத் தெரிவித்தனர். 'தன்னியக்கம்' என்பதோ தன்னியக்க நரம்பு மண்டலத்துக்கு ஏற்கெனவே வழங்குகிறது. எனவே 'தன்னெழு' என்னும் அடையைப் பரிந்துரைக்கிறேன்.

'வெடிப்பு' இன்னும் இடர் தருவது. 'நரம்பணு வெடிப்பு' என்று படிக்கும் உயிரியல் மாணவர், அணுவின் சவ்வு கிழிந்து அது அழிந்ததாகவே கொள்வார். உண்மையில் நடப்பது வேறு. எட்டுக்கு எட்டாக அமைந்து நான்கு மூலைகள் மட்டும் விடப்பட்ட, துடிப்புகளைப் பதிவுசெய்யும் 60 மின்வாய்களின் மேல் அணுக்களை வளர்த்தால், முதல் சில நாள்களில் ஒன்றோடொன்று தொடர்பற்ற துடிப்புகளே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்படும். இணைப்புகள் பெருகிய பின், பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில், பல மின்வாய்களில் ஒரே வேளையில் துடிப்புகள் குவிந்து, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அடங்கி, பல நொடி அமைதிக்குப் பின் மீண்டும் எழும்.

இங்கே இரண்டு நிகழ்வுகள் உள்ளன. இரண்டுக்கும் ஒரே சொல் போதாது. பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சினை இட்டால், துடிப்பை எழுப்பும் சோடியம் வாயில்கள் அடைபட்டு எல்லாத் துடிப்புகளும் நின்றுவிடுகின்றன. அணுக்களிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட்டைப் பெறும் ஏற்பிகளை மட்டும் தடுத்தால், வலையமைப்பு முழுவதும் சேர்ந்தெழும் நிகழ்வு மறைந்து, தனியணுக்களின் துடிப்புகள் சில எஞ்சுகின்றன. தனித்துடிப்பு அணுவின் இயல்பு, சேர்ந்தெழுவது இணைப்புகளின் விளைவு. ஆகவே ஒரே மின்வாயில் நெருங்கி வரும் துடிப்புகளைத் 'துடிப்புக்கொத்து' என்றும், வலையமைப்பு முழுவதும் பரவுவதை 'ஒருங்கெழுச்சி' என்றும் பிரிக்கலாம். 'ஏற்பிகளைத் தடுத்ததும் ஒருங்கெழுச்சி நின்றது. தன்னெழு துடிப்புகள் ஆங்காங்கே நீடித்தன' என்று எழுதிப் பார்த்தேன். பொருள் மயக்கம் இல்லை. 'அலை' வேண்டாம் என்பேன்: திசையொன்றில் சீராக நகர்வதையே அச்சொல் நினைவூட்டும்.

நரம்பியல் ஆய்வாளர்கள் ஜான் பெக்ஸும் டீட்மார் பிளென்சும் 2003-இல் எலிப் புறணித் துண்டங்களில் விவரித்த, அளவுகள் அடுக்கு விதியைப் பின்பற்றும் (சிறியவை மிகப் பல, பெரியவை மிகச் சில) தொடர்நிகழ்வு இதனினும் வேறானது; ஆங்கிலத்தில் அதற்குப் பனிச்சரிவைக் குறிக்கும் avalanche என்னும் சொல் வழங்குகிறது. அதைத் 'துடிப்புச் சரிவு' என்றால், விலைச்சரிவு போலத் துடிப்பு குறைந்ததாகவே படும். அதற்கு மாற்றுச் சொல் வைத்திருப்போர் தனி இழையில் எழுத வேண்டுகிறேன்.