மருந்துச் சீட்டுத் தவறுகள்: வகுப்பு எடுத்தும் குறையவில்லையே?

செம்பூர்வாசி:
மும்பையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் பார்மசிஸ்ட் நான். புது ரெசிடெண்ட்கள் (மேற்படிப்புப் பயிற்சியில் இருக்கும் டாக்டர்கள்) சேர்ந்ததும் மருந்து ஆர்டர் எழுதுவது பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு வைத்தோம், ஸ்லைடு, சமோசா, வருகைக் கையெழுத்து எல்லாம் முறையாக நடந்தது. நாலாவது நாள் ஒரு நோயாளியின் மருந்து சார்ட்டில் இன்சுலின் 10, பக்கத்தில் யூனிட்டுக்காக ஆங்கில 'யூ' எழுத்து, அதுவும் வாய் மூடிப்போய் சைபர் மாதிரி. அவசரத்தில் பார்த்தால் 100. எழுதியவர் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிய பையன்! சிஸ்டர் சந்தேகப்பட்டு எனக்குப் போன் செய்ததால் தப்பித்தோம். வகுப்பால் பிரயோஜனம் உண்டா, இல்லை கம்ப்யூட்டர் ஆர்டர் வரும்வரை இப்படித்தானா?

மாட்டுங்கா எம்டி:
அவனுக்குத் தெரியாமல் இல்லை சார். ராத்திரி 2 மணிக்கு, அடுத்த அட்மிஷன் வாசலில் நிற்கும்போது, முந்தைய சார்ட்டைப் பார்த்து அப்படியே எழுதியிருப்பான். இங்கிலாந்தில் 2009-இல் வந்த ஈக்விப் ஆய்வில் 19 மருத்துவமனைகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆர்டர்களைப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட 9 சதவீதத்தில் தவறு, சீனியர் டாக்டர்களான கன்சல்டண்ட்கள் எழுதியதிலும் இருந்தது. ஜூனியர்களை மட்டும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தால் பாதிக் கிணறுதான். நான் ரவுண்ட்ஸில் முதலில் என் சார்ட்டை எடுத்துத்தான் தப்பு கண்டுபிடிக்கச் சொல்வேன். கூச்சமாக இருக்கும், ஆனால் பசங்க அதை மறப்பதில்லை.

கம்ப்யூட்டரை ரொம்ப நம்பாதீர்கள். மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டியது, லிஸ்ட்டில் கை தவறி 'தினமும்' என்று அழுத்திவிட்டால் அச்சடித்த மாதிரி அழகாக வரும், யாருக்கும் சந்தேகமே வராது.

நைட் டூட்டி சிஸ்டர்:
எங்கள் வார்டில் புது டாக்டர் வந்தால் நான் இரண்டு இன்சுலின் சிரிஞ்சைக் கையில் கொடுப்பேன், சிவப்பு மூடி மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு, ஆரஞ்சு மூடி மில்லிக்கு 100 யூனிட் உள்ளதுக்கு. பலர் அதுவரை தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கால் மில்லி என்று எழுதினால் 40 மருந்தில் 10 யூனிட், 100 மருந்தில் 25 யூனிட், நான் எதைப் போட என்று கேட்டால் முகம் மாறிவிடும். அதுக்கப்புறம் 'யூனிட்' என்று முழுசாகத்தான் எழுதுகிறார்கள்.

அது சரி, அந்த 10 விஷயத்தை அந்தப் பையனிடம் சொன்னீர்களா அண்ணா? எங்கள் பார்மசியில் சத்தமில்லாமல் திருத்தி வாங்கிவிடுவார்கள், எழுதினவருக்குத் தப்பு செய்தோம் என்றே தெரியாது.

செம்பூர்வாசி:
மாட்டிக்கொண்டேன் சிஸ்டர். அவர் டூட்டி முடிந்து போயிருந்தார், சீனியரிடம் திருத்தி வாங்கிவிட்டேன், அப்புறம் அப்படியே விட்டாச்சு. சார்ட் நகலை எடுத்து வைத்திருக்கிறேன், நாளைக்கு கேன்டீனில் பிடிக்கிறேன். சிரிஞ்சும் இரண்டு எடுத்துக்கொண்டு போகிறேன்.