அணுவின் நிறையை நேரில் சந்தித்த அனுபவம் உண்டா? எழுதுங்கள்

வேதியியல் டீச்சர்

பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். குளோரினின் அணு நிறை 35.45 என்று போர்டில் எழுதினால் போதும், ஒரு கை மேலே போகும். "மிஸ், பாதி நியூட்ரான், கால் நியூட்ரான்னு கிடையாதே, அப்புறம் எப்படிப் புள்ளிக்கு அப்புறம் நம்பர் வருது?" இந்தக் கேள்வி வரும் நாள் எனக்குப் பிடித்த நாள்.

17 புரோட்டான் இருந்தால் அது குளோரின். நியூட்ரான் 18 இருக்கலாம், 20 இருக்கலாம். இயற்கையில் நூற்றுக்குச் சுமார் 76 அணுக்கள் முதல் வகை, மற்றவை இரண்டாம் வகை. அந்தக் கலவையின் சராசரிதான் 35.45. எலக்ட்ரான் புரோட்டானில் 1836இல் ஒரு பங்குதான், அதனால் கூட்டலில் பெரிதாகத் தெரியாது. இதுவரை பாடம். கருவியில், வேலையில் இதைக் கண்ணால் பார்த்தவர்கள் சொன்னால் பிள்ளைகளிடம் எடுத்துப் போவேன்.

மாஸ்ஸ்பெக்

மிஸ், நான் தினமும் பார்ப்பதே இதைத்தான். உணவில் பூச்சிக்கொல்லி எச்சம் சோதிக்கும் லேபில் வேலை. எங்கள் கருவி மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும். ஒரு குளோரின் அணு உள்ள குளோரோபென்சீனை அதற்குள் அனுப்பினால் திரையில் 112இல் ஒரு உயரமான கோடு நிற்கும், 114இல் அதன் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு இன்னொன்று. பாட்டில் லேபிளில் மூலக்கூறு நிறை 112.56 என்று போட்டிருப்பார்கள். திரையில் அந்த இடம் காலி. 35.45 நிறையுள்ள குளோரின் அணு ஒன்றுகூட உலகத்தில் கிடையாது என்பதைப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மூன்றுக்கு ஒன்று என்ற இந்த ஜோடியைக் கண்டதுமே குளோரின் என்று சொல்லிவிடுவோம். இரண்டும் ஏறக்குறைய சம உயரம் என்றால் புரோமின்.

ஆனால் என்னை அசர வைத்தது வேறு. கருவிக்குள் காற்று கசிகிறதா என்று பார்க்க 18, 28, 32 ஆகிய கோடுகளைக் கவனிப்போம்: நீர், நைட்ரஜன், ஆக்சிஜன். கார்பன் மோனாக்சைடும் 28தான். எங்கள் சாதாரணக் கருவிக்கு இரண்டும் ஒன்று. படிக்கும் காலத்தில் பல்கலைக்கழகத்தில் நுணுக்கமாகப் பிரிக்கும் கருவி ஒன்றில் அதே 28ஐ விரித்துக் காட்டினார்கள். ஒரே கோடாக இருந்தது இரண்டாகப் பிரிந்து நின்றது. கார்பன் மோனாக்சைடு 27.9949, நைட்ரஜன் 28.0061.

இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள். நைட்ரஜன் மூலக்கூறில் புரோட்டான் 7+7, அதாவது 14. கார்பன் மோனாக்சைடில் 6+8, அதுவும் 14. நியூட்ரானும் இரண்டிலும் 14, எலக்ட்ரானும் 14. ஒரு துகள்கூடக் கூடவில்லை, குறையவில்லை. நிறை மட்டும் வேறு!

புரோட்டானும் நியூட்ரானும் அணுக்கருவாகச் சேரும்போது ஆற்றல் வெளியேறுகிறது; E=mc² சொல்கிறபடி அதற்கு ஈடான நிறையும் போய்விடுகிறது. எவ்வளவு இறுக்கமாகச் சேர்கின்றனவோ அவ்வளவு குறையும். இரண்டு நைட்ரஜன் கருக்களைவிட ஒரு கார்பனும் ஒரு ஆக்சிஜனும் மொத்தத்தில் இறுக்கமானவை, அதனால் இலேசானவை. வேதிப்பிணைப்பிலும் இதே கதைதான், ஆனால் அந்த வித்தியாசம் இந்தக் கருவிக்கு எட்டாத அளவு சிறியது. ஆக, துகள்களை எண்ணினால் மட்டும் நிறை கிடைக்காது, அவை எப்படிக் கட்டுண்டிருக்கின்றன என்பதும் வேண்டும். அன்றைக்கு அந்த இரண்டு கோடுகளைப் பார்த்ததில்தான் ஐன்ஸ்டைனின் சமன்பாடு எனக்கு நிஜமானது.

வானம் பார்ப்பவன்

அருமை. இதே குறைவுதான் என்னை வானியலுக்கு இழுத்தது. கேம்பிரிட்ஜில் விஞ்ஞானி ஆஸ்டன் 1919இல் கட்டிய கருவியால் தனித்தனி ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மாறுபடும் வகைகள்) நிறையை அளக்க முடிந்தது. நான்கு ஹைட்ரஜன் சேர்ந்தால் 4.031 வர வேண்டும், ஹீலியமோ 4.003தான். சுமார் 0.7 விழுக்காடு காணோம். சூரியன் எரிவது இதனால்தான் இருக்கும் என்று வானியலாளர் எடிங்டன் 1920லேயே சொல்லிவிட்டார்.

நெய்தல்

நான் பார்த்தது எளிமையானது. கல்லூரியில் பேராசிரியர் ஒருவர் கனநீரில் செய்த பனிக்கட்டியைச் சாதாரண நீருள்ள கிளாசில் போட்டார். நேரே அடியில் போய் உட்கார்ந்தது. ஹைட்ரஜனில் ஒரு நியூட்ரான் கூடியதற்கே இத்தனை. கல்பாக்கம் அணுமின் நிலைய உலைகளில் ஓடுவதும் இதே கனநீர்தான் என்றார்.

வேதியியல் டீச்சர்

கனநீர் பனிக்கட்டி பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்! ஒரு சந்தேகம். கட்டுண்டால் நிறை குறையும், சரி. அந்தப் புரோட்டானுக்கு நிறை எங்கிருந்து வருகிறது? 2012 ஜூலையில் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது எல்லா நிறைக்கும் அதுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்களே?

வானம் பார்ப்பவன்

அப்போது நானும் அப்படிக் கேட்டதுண்டு. பிறகு ஒரு பொதுச் சொற்பொழிவில் கணக்கைப் பார்த்தேன். துகள்களின் நிறையைச் சொல்லும் அலகில் புரோட்டானின் நிறை 938 மெகா எலக்ட்ரான் வோல்ட். உள்ளே உள்ள குவார்க்குகள் என்ற மூன்று சிறு துகள்களுக்கு ஹிக்ஸ் புலத்தால் வரும் நிறையைக் கூட்டினால் சுமார் 9தான். மற்றதெல்லாம் குவார்க்குகளின் ஓட்டமும் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் குளுவான் புலமும் சுமக்கும் ஆற்றல். கருவுக்குள் சேரும்போது ஆற்றல் வெளியேறி நிறை குறைகிறது. புரோட்டானுக்குள்ளோ அடைபட்ட ஆற்றல்தான் நிறையாக நிற்கிறது.

மாஸ்ஸ்பெக்

மிஸ், வகுப்பில் 28 கணக்கைப் போட மூன்று எண் போதும். கார்பன்-12 சரியாக 12 (அளவுகோலே அதை வைத்துத்தான்), நைட்ரஜன்-14க்கு 14.00307, ஆக்சிஜன்-16க்கு 15.9949. கூட்டலைப் பிள்ளைகளே போடட்டும்.