மறு: ‘டிராப்’ – நீரடைப்பா, நீர்த்தாழா?

நண்பர்களுக்கு வணக்கம்.

டிராப்புக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை மூன்று நாளாக ஓடுகிறது, படித்துக்கொண்டுதான் இருந்தேன். கட்டடப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கைகழுவும் தொட்டிக்கு அடியில் வளைந்து கிடந்து, உள்ளே நிற்கும் தண்ணீரால் கழிவுக்குழாயின் நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுக்கும் அந்த டிராப்புக்குச் சொல் கிடைக்காமல் நாலு பக்கம் அப்படியே நிற்கிறது. அதனால் நானும் வாயைத் திறக்கிறேன்.

> நீரடைப்பு என்றே வைக்கலாம். நீரால் அடைப்பது, பொருள் தெளிவு.

அகராதியில் தெளிவுதான் ஐயா, வேலையிடத்தில் தலைகீழ். குழாய் வேலை பார்ப்பவரிடம் ‘அடைப்பு’ என்று சொன்னதுமே அவர் கை கம்பியைத் தேடும். ‘நீரடைப்பு இருக்கிறதா என்று வாரந்தோறும் பார்க்கவும்’ என்று நான் எழுதினால், இருந்தால் எடுத்துவிடுவார். அது இருக்க வேண்டும் என்பதல்லவா நம் கவலை!

> டிராப் என்றால் பொறிதானே? எலிப்பொறி போலக் கழிவுப்பொறி.

தவறி விழுந்த மோதிரம் அங்கே சிக்கும், அதுவரை சரி. ஆனால் எதையும் பிடிப்பதற்காக அந்த வளைவை வைக்கவில்லை. பெரிய சமையற்கூடங்களில் கழிவுநீரிலிருந்து எண்ணெயையும் கொழுப்பையும் பிரித்து நிறுத்தும் தொட்டி ஒன்று உண்டு. அதுவும் ஆங்கிலத்தில் டிராப்தான். அது நிஜமாகவே பிடிக்கிறது, நிரம்பினால் அள்ள வேண்டும். அதற்குக் ‘கொழுப்புப் பொறி’ பொருத்தம். ஒன்றை அள்ளிக் காலியாக்க வேண்டும், மற்றதைக் காலியாகாமல் காக்க வேண்டும். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் என்பதற்காக நாமும் ஏன் ஒரே பெயர் வைக்க வேண்டும்?

‘பகர வளைவு’ என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன், பாராட்டாகத்தான். படுத்த பி எழுத்தைப் போல இருப்பதால் ஆங்கிலத்தில் பி டிராப் என்கிறார்கள். நம் ‘ப’வோ அந்த வளைவை அப்படியே வரைந்து காட்டுகிறது. இந்த அழகுக்காகவே ஏற்கலாம் என்று ஒரு மாலை முழுக்க நினைத்தேன். ஆனால் அது குழாயின் பெயர். வேலை செய்வது குழாய் இல்லை, உள்ளே தேங்கி நிற்கும் தண்ணீர்.

இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டு விருந்தினர் அறையில். சில மாதம் பூட்டிக் கிடந்து திறந்தபோது குளியலறையில் அழுகிய முட்டை நாற்றம். தேய்த்தோம், மருந்து ஊற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. முதலில் வந்தவர் தரையை உடைத்துக் குழாயை மாற்ற வேண்டும் என்றார். இரண்டாவதாக வந்தவர் ஒரு குவளை தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் அதைத் தரை வடிகாலுக்குள் மெதுவாக ஊற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, “கொஞ்ச நேரம் பாருங்க” என்றார். நாற்றம் போய்விட்டது. குழாய் எப்போதும் போலவே நன்றாக இருந்தது. வளைவில் இருந்த தண்ணீர்தான் உலர்ந்து போயிருந்தது.

பெரிய கட்டடங்களில் இது நாற்றத்தோடு நிற்பதில்லை. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியபோது, விசாரணை சுட்டிய வழிகளில் முக்கியமானது குளியலறைத் தரை வடிகால்களில் உலர்ந்து கிடந்த இந்த வளைவுகள்தாம். காற்றை வெளியேற்றும் விசிறி ஓடும்போது, கழிவுக்குழாயின் காற்று அவற்றின் வழியே வீட்டுக்குள் இழுக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே பெயர் தண்ணீரைச் சொல்ல வேண்டும், அது செய்யும் காவலையும் சொல்ல வேண்டும். ஜெர்மானியர் இதை ‘மண அடைப்பு’ என்ற பொருளில் கெருக்ஸ்ஃபெர்ஷ்லுஸ் என்கிறார்கள். பிரெஞ்சில் சிஃபோன். கழிவுக்குழாயின் இழுப்பினால் உள்ளே இருக்கும் நீர் போய்விட்டால் அதற்கு தெசிஃபொனாஜ், சிஃபோன் போய்விட்டதாம். நீரை உறிஞ்சி ஓடுவதற்கும் சிஃபோன், உறிஞ்சப்படாமல் நிற்க வேண்டியதற்கும் சிஃபோன்! நமக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

என் சொல்: நீர்த்தாழ்.

‘தாழ் போட்டுட்டு வா’ என்று இன்றும் சொல்கிறோம், புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ‘நீர்ப்பூட்டு’ என்றால் சாவி எங்கே என்ற கேள்வி வரும். தாழுக்குச் சாவி கிடையாது. தாழ்ந்து வளைந்த இடத்தில் இருப்பதால் தாழ் என்பதன் மற்றப் பொருளும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஒவ்வொரு முறை கை கழுவும்போதும் போகிற தண்ணீரே தாழைப் போட்டுவிட்டுப் போகிறது.

கிளைச்சொற்களையும் ஓட்டிப் பார்த்தேன். தரை வடிகாலில் இருப்பதற்குத் தரைத்தாழ், குப்பி வடிவில் இருப்பதற்குக் குப்பித்தாழ், சரியாக வருகின்றன. அதில் நிற்கும் நீரின் அளவு ‘தாழின் ஆழம்’. குறைந்தது 50 மில்லிமீட்டர் வேண்டும் என்பது பல நாட்டு விதிகளில் இருக்கிறது. நீர் போய்விட்டால் ‘தாழ் விட்டது’. ஆவியாகித் தாழ் விடலாம். மேல்மாடியில் ஒரே மூச்சில் கொட்டிய தண்ணீர் கொடகொடவென்று இழுத்துத் தாழ் விடலாம். வளைவின் விளிம்பில் ஒரு முடிக்கற்றை தொங்கினாலும் போதும், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போலச் சொட்டுச் சொட்டாக மறுபக்கம் கடத்திவிடும். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் காப்புரிமை பெற்ற எஸ் வடிவத்துக்கே இந்த இழுப்பு நோய் உண்டு. அதனால்தான் இப்போது பல இடங்களில் அந்த வடிவத்தை அனுமதிப்பதில்லை.

> நீர்த்தாழ் என்றால் நீர்மட்டம் தாழ்ந்தது என்று படிக்க மாட்டார்களா?

படிக்கலாம், மறுக்கவில்லை. ‘நீர்த்தாழில் நீர் தாழ்ந்தால்’ என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்து நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அங்கே ‘குறைந்தால்’ என்று எழுதித் தப்பிக்கலாம். ‘நீரடைப்பில் அடைப்பு ஏற்பட்டால்’ என்பதிலிருந்து எப்படித் தப்பிப்பது?

கையேட்டில் வரப்போகும் வரி இது: ‘பயன்படாத அறைகளின் நீர்த்தாழ்களில் வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றவும். நெடுநாள் பூட்டி வைப்பதானால் மேலே சிறிது சமையல் எண்ணெய் விடவும், ஆவியாவது குறையும்.’ உங்கள் சொல்லை இதே வரியில் போட்டு, குழாய் வேலை தெரிந்த ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் என்ன கருவியைக் கையில் எடுக்கிறார் என்று பார்த்து எழுதுங்கள்.

அப்புறம், கழிவுக்குழாய்க்குள் காற்று போய்வர வைக்கும் வென்ட் பைப்புக்கு ‘மூச்சுக்குழாய்’ என்று போகிற போக்கில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது ஏற்கெனவே நம் தொண்டைக்குள் இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.