ஊட்டி குளிருக்கு ஸ்டுபிசே தக்காளி வருமா?

லவ்டேல்_வாசி:
வணக்கம் மக்களே, வீடு ஊட்டி லவ்டேல் பக்கம். தெரிஞ்சவர் ஒருத்தர் ஸ்டுபிசே விதை குடுத்தார், செக் நாட்டுப் பழைய ரகமாம், 60 நாள்ல பழம்ங்கறார். இங்க மரத்தக்காளி தவிர எதுவும் தேறாது, காயா நின்னு மழையில கருகிடும்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க. எப்போ போடலாம்? இன்னொண்ணு, டம்ளர்ல சும்மா போட்டதுல வந்த நாத்து இலை ஓரத்துல வெட்டே இல்லாம உருளைக்கிழங்கு இலை மாதிரி இருக்கு, விதை மாறிடுச்சா?

கோத்தகிரி_மண்:
அந்த 60 நாள் நாத்த எடுத்து நட்டதுல இருந்து கணக்கு ப்ரோ, நாத்துக்கே ஆறேழு வாரம் தனியா போயிடும், நம்ம குளிருக்கு இன்னும் இழுக்கும். ஜனவரி நடுவுல வீட்டுக்குள்ள வெளிச்சம் வர்ற ஜன்னலோரம் விதை போடுங்க, உறைபனி விட்டதும் பிப்ரவரி கடைசி இல்லன்னா மார்ச்ல வெளிய நடுங்க, மே மாசம் பழம் பறிக்கலாம். ஜூன்ல தென்மேற்கு மழை பிடிச்சா கருகல் வந்துடும், கிழங்குக்கு வர்ற அதே நோய்தான், பக்கத்துல கிழங்கு காடு இருந்தா கேக்கவே வேணாம். அதுக்குள்ள காய் எடுத்துடலாம்ங்கறதுக்குத்தான் சீக்கிரம் பழுக்குற ரகம், ருசிக்காகன்னா வேற எவ்வளவோ இருக்கு.

கொடை_அக்கா:
தம்பி, ராத்திரி 13 டிகிரிக்கு கீழ இறங்குனா சாதா தக்காளி பூவுல மகரந்தம் சரியா வராது, பிஞ்சு பிடிக்காம பூ கொட்டும். இந்த ரகம் குளிர் கொஞ்சம் தாங்கும், அதுக்காக திறந்த வெளியில விடாதீங்க, சாயங்கால வெயில் விழுற சுவர் ஓரமா 12 இஞ்ச் குரோ பேக்ல வைங்க, சுவர் பகல்ல வாங்குன சூட்ட ராத்திரி விடும். மேல மட்டும் பாலித்தீன் ஷீட், பக்கமெல்லாம் திறந்தே இருக்கட்டும் காத்து ஓடணும். குட்டைச் செடி இல்ல இது, ஆள் உயரத்துக்குப் போகும், குச்சி கட்டி அடி இலைய எல்லாம் கிள்ளிடுங்க. தண்ணி வேர்ல மட்டும், இலை நனையவே கூடாது. மூடுபனி ரெண்டு நாள் விடாம நின்னா நுனியில லேசா நிறம் மாறுன காயையும் பறிச்சு சமையக்கட்டுல வைங்க, உள்ளேயே பழுத்துடும். எங்க பக்கம் காட்டுமாடு உள்ள வந்தா ஷீட்டும் இருக்காது செடியும் இருக்காது, அதுக்கு என்கிட்ட வைத்தியம் இல்லப்பா 😄

விதைப்பெட்டி:
விதை மாறலங்க, ஸ்டுபிசேக்கு இலையே அப்படித்தான். அது ஒருவிதத்துல வசதி, அந்த இலை ஒடுங்கு குணம், அதாவது அப்பா அம்மா ரெண்டு செடியில இருந்தும் வந்தாத்தான் வெளிய தெரியும், அதனால நீங்க எடுத்த விதையில வெட்டு வெட்டா சாதா இலையோட நாத்து வந்தா பக்கத்துச் செடியோட கலந்துடுச்சுன்னு அர்த்தம், பிடுங்கிடலாம். விதைக்கு நல்லாப் பழுத்த பழம் எடுங்க, சாறோட ரெண்டு மூணு நாள் புளிக்க விட்டு கழுவி நிழல்ல காய வைங்க, பேப்பர்ல கொட்டாதீங்க ஒட்டிக்கும், தட்டுல போடுங்க.

லவ்டேல்_வாசி:
அப்போ டம்ளர் நாத்து சரிதான். நன்றிக்கா, நன்றி ப்ரோ. ஷீட்டுக்கு மூங்கில் போதுமா இல்ல ஜிஐ பைப் வாங்கணுமா?

கோத்தகிரி_மண்:
நாலு குரோ பேக்குக்கு மூங்கிலே போதும், காத்து பக்கம் மட்டும் இறுக்கிக் கட்டுங்க.