போலி முதல் நிமிஷத்தில் ஜெயித்துவிடும்: இன்-இயர் வாங்கியவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

மேடை சவுண்டு, சேலம்

வணக்கம் நண்பர்களே. விலை கூடிய இன்-இயர் (காதுத் துளைக்குள் செருகிக் கேட்கும் இயர்போன்) வாங்கியவர்கள், வாங்கிவிட்டு "இது அசல்தானா?" என்று சந்தேகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் இங்கே எழுதுங்கள். முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

மெல்லிசைக் கச்சேரிகளுக்கு மானிட்டர் மிக்ஸ், அதாவது மேடையில் இருப்பவர்கள் காதில் கேட்கும் ஒலிக்கலவை, போடுவது என் தொழில். எங்கள் குழுவில் பாடும் தம்பி ஒருவன் ஆன்லைனில் ஒரு தனி ஆளிடம் ஷூர் எஸ்இ535 இன்-இயர் வாங்கிக்கொண்டு ரிகர்சலுக்கு வந்தான். சீல் உடைக்காத பெட்டி, கடை விலையில் மூன்றில் ஒரு பங்குதான் விலை. "அண்ணே, கேட்டுப் பாருங்க, பேஸ் சும்மா அதிருது" என்றான். ஆளுக்கு ஆள் வாங்கிக் கேட்டார்கள். கீபோர்டு வாசிக்கிறவரிடம் வருஷக்கணக்காக உழைக்கும் அசல் எஸ்இ535 ஒன்று இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டவர்கள் எல்லாருமே புதுசு பக்கம்தான் சாய்ந்தார்கள்.

அதுதான் எனக்கு உறுத்தியது. எஸ்இ535 அதிர வைக்கிற ரகமே இல்லை. உள்ளே மூன்று பேலன்ஸ்டு ஆர்மச்சர், அதாவது குட்டிப் பெட்டி போன்ற டிரைவர்கள் (ஒலி எழுப்பும் பாகங்கள்): இரண்டு கீழ் ஒலிக்கு, ஒன்று மேல் ஒலிக்கு. குரல் முன்னால் வந்து நிற்கும். ட்ரெபிள் அடங்கியே இருக்கும். சாதாரண இயர்போன் கேட்டுப் பழகியவர்கள் அதை முதல்முறை போட்டுக்கொண்டால் "என்னங்க, மந்தமா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். முதல் பாட்டிலேயே எல்லாருக்கும் பிடித்துப்போகிற எஸ்இ535-ஐ நான் பார்த்ததில்லை.

முதல் வேலையாக சத்தத்தைச் சமப்படுத்தினேன். ஒரே வால்யூமில் புதுசு சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. இரண்டில் எது கொஞ்சம் சத்தமோ அதுதான் தரம் என்று காது முடிவுகட்டிவிடும். ஒரு டெசிபல் வித்தியாசமே போதும். எனவே மிக்சரில் புதுசைக் குறைத்து வைத்துவிட்டு, நாங்களே பதிவு செய்திருந்த தனித்தனி டிராக்குகளைப் போட்டேன்.

தம்புரா மட்டும் முதலில். அசலில் ஜீவா நூலைச் சரியாக வைத்த தம்புராவின் மேல் ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து எழுவது கேட்டது. புதுசில் ஒரே ரீங்காரம், அதன்மேல் 'ஸ்ஸ்' என்று ஒரு மினுக்கல். அடுத்து மிருதங்கம். இடது பக்கத் தொப்பியில் கையை அழுத்தி கும்கி கொடுக்கும்போது சுருதி வழுக்கிக்கொண்டு ஏறும் இல்லையா, அசலில் அந்த ஏற்றம் முழுசாகத் தெரிந்தது. புதுசில் 'தொம்' என்று ஒரு வீக்கம்தான். அது அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதில் மூழ்கிவிடுகிறது. கடைசியாக இரண்டு பெண் குரல்கள் சேர்ந்து பாடிய கோரஸ். அசலில் இருவர். புதுசில் ஒரு தடித்த குரல்.

பிறகு செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்த்தோம். கண்ணாடி போன்ற ஓடு என்பதால் உள்ளே தெரியும். கீபோர்டுக்காரருடையதில் குட்டிக் குட்டி செவ்வக உலோகப் பெட்டிகள். தம்பியுடையதில் வட்டமாக ஒரே ஒரு டிரைவர். அவன் முகம் தொங்கிப்போனதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. நல்லவேளை, நெருக்கிக் கேட்டதில் பணம் திரும்பக் கிடைத்துவிட்டது.

நான் இதில் கண்டது ஒன்றுதான். போலி செய்கிறவன் முதல் நிமிஷத்தைக் குறிவைத்துத்தான் செய்கிறான். பேஸை வீங்க வைத்து, மேலே ஒரு மினுக்கல் கொடுத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டால் வாங்குகிறவர் மயங்கிவிடுவார். அதனால் "கேட்டுப் பார்த்தேன், சூப்பரா இருந்துச்சு, அசல்தான்" என்று யார் சொன்னாலும் என்ன கேட்டீர்கள், எதோடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.


அடெல்ஃபி ரசிகன், சிங்கப்பூர்

அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. இங்கே என் நண்பர் ஊருக்குப் போன இடத்தில் சென்ஹைசர் ஐஇ 80 என்று ஒன்று வாங்கி வந்தார். அந்த மாடலின் ஓட்டில் ஒரு குட்டித் திருகு இருக்கும். கூடவே வரும் சின்னக் கருவியால் திருப்பினால் பேஸ் கூடும், குறையும். நண்பருடையதில் திருகு அழகாகச் சுற்றியது. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை திருப்பியும் சத்தத்தில் துளி மாற்றம் இல்லை. ஒரு காதுக்கு முழுக்கக் கூட்டி, இன்னொரு காதுக்கு முழுக்கக் குறைத்தும் பார்த்தோம்; இரண்டும் ஒன்றுபோலவே பாடின. போலி செய்தவர் திருகை மட்டும் வைத்திருக்கிறார், அதன் வேலையை வைக்கவில்லை.

பெட்டி, ஹாலோகிராம், எழுத்துரு எல்லாவற்றையும் அப்படியே நகலெடுக்கிறார்கள். அதனால் எந்த மாடலுக்கும் அதற்கே உரிய ஒரு 'வேலை' இருக்கிறதா என்று பாருங்கள். ஷூர் எஸ்இ846-இல் நாசிலை (காதுக்குள் போகும் குழல் முனை) கழற்றி உள்ளே இருக்கும் சின்ன இன்செர்ட்டை மாற்றலாம்: நீலம் நடுநிலை, வெள்ளை பிரகாசம், கறுப்பு இதம். மாற்றினால் 1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 8 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி கூடவோ குறையவோ வேண்டும். மாறவில்லை என்றால் கேள்வி கேளுங்கள்.

கோல்மன் ஸ்ட்ரீட் அடெல்ஃபி கட்டடத்தில் ஆடியோ கடைகள் இருக்கின்றன. வாங்குவதற்கு முன் அசலை நிதானமாக உட்கார்ந்து கேட்பது எனக்குப் பழக்கம். என் பாட்டுக் கோப்புகளை நானே கொண்டுபோவேன். ஒருமுறை அசலின் குரல் மனசில் பதிந்துவிட்டால் பிறகு யாரும் ஏமாற்றுவது கடினம். ஊரில் அந்த வசதி இல்லாதவர்கள், ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பரைத் தேடிப் பிடியுங்கள்.


ஆடியாலஜிஸ்ட் அக்கா, மதுரை

நான் காது கேட்கும் கருவி பொருத்துகிறவள். நீங்கள் சொல்லும் பேலன்ஸ்டு ஆர்மச்சர் எங்கள் துறையில் பிறந்ததுதான். காதுக்கருவிக்காகச் செய்த அந்தச் சின்ன ரிசீவர்தான் பிறகு இசை கேட்கிறவர்களிடம் போனது. எட்டிமோட்டிக் நிறுவனம் 1991-இல் இஆர்-4 கொண்டுவந்ததும் அந்த வழியில்தான். அதன் நிறுவனர் மீட் கில்லியன் காதுக்கருவித் துறையில் பெரிய பெயர்.

உங்கள் கதைகளுக்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறேன். இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருவன் வந்தான். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய விலை உயர்ந்த ஜோடி. "அக்கா, இடது பக்கம் மந்தமா இருக்கு, போலியைத் தலையில கட்டிட்டாங்க" என்று குரல் தழுதழுக்கச் சொன்னான். கடைக்காரரிடம் சண்டையும் போட்டிருக்கிறான். நான் பெரிதாக்கும் கண்ணாடியை வைத்து நாசிலைப் பார்த்தேன். வலது பக்க வலையில் ஒவ்வொரு துளையும் தெரிந்தது. இடது பக்கத்தில் பாதி வலையை மஞ்சளாக ஒரு படலம் மூடியிருந்தது. காதழுக்கு. ஊசியால் குத்தினால் வலை உள்ளே போய்விடும் என்பதால் எங்கள் உறிஞ்சு கருவியால் மெல்ல எடுத்தேன். போட்டுக் கேட்டவன் கண்கள் அகலமாயின. பொருள் அசல்தான்.

ஆனாலும் பேஸ் இடது பக்கம் குறைவு என்றான். காதைப் பார்த்தால் இடது துவாரம் வலதைவிடக் குறுகல். இரண்டு பக்கமும் ஒரே அளவு டிப் (நாசிலில் மாட்டும் மெத்தென்ற உறை) போட்டிருக்கிறான்; இடது பக்கம் உள்ளே போகாமல் வாசலிலேயே நிற்கிறது. அந்தக் காதுக்கு மட்டும் சின்ன அளவு டிப் மாட்டியதும் சரியாகிவிட்டது. நம் இரண்டு காதும் ஒன்றுபோல இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காற்று கசிந்தால் முதலில் போவது பேஸ்தான். எனவே தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் டிப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தியதும் பேஸ் சட்டென்று கூடினால் இதுவரை நீங்கள் கேட்டது கசிவைத்தான்.

இன்னொன்று, இது என் தொழில் கடமை. ஒப்பிடுகிறேன் என்று மணிக்கணக்கில் சத்தமாகக் கேட்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமாகச் சுருங்கும்.


ஓம்ஸ், கோவை

அக்கா சொன்னது போலவே, அசலைப் போலி என்று நினைத்த வழக்கு ஒன்று என்னிடமும் உண்டு. ஒருவர் பழைய எஸ்இ846 வாங்கி, "படித்த விமர்சனத்துக்கும் கேட்கிற சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை" என்று என்னிடம் கொடுத்தார். வீட்டில் ஒரு ரெசிஸ்டரையும் சவுண்டு கார்டையும் வைத்து இம்பிடன்ஸ் (ஒவ்வொரு சுருதியிலும் மின்சாரத்துக்கு எவ்வளவு தடை என்பது) அளக்கும் ஏற்பாடு வைத்திருக்கிறேன். வட்டமான ஒரே ஒரு டைனமிக் டிரைவர் உள்ள இன்-இயரில் கோடு கிட்டத்தட்ட நேராகப் போகும். பல ஆர்மச்சரும், ஒலியை அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரும் உள்ளதில் மலையும் பள்ளமுமாக இருக்கும். சேலத்து அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்ததை நான் இந்தக் கோட்டில் பார்ப்பேன். இவருடையது மலையும் பள்ளமுமாகத்தான் வந்தது.

பிறகு எதில் மாட்டிக் கேட்கிறீர்கள் என்று விசாரித்தேன். பழைய பெரிய ஆம்ப்ளிஃபயரின் ஹெட்போன் துளை. எஸ்இ846-இன் இம்பிடன்ஸ் 9 ஓம்தான். அந்த ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பிடன்ஸ் அதைவிடப் பல மடங்கு. அப்படி மாட்டினால் மலை இருக்கிற இடத்தில் சத்தம் ஏறும், பள்ளம் இருக்கிற இடத்தில் இறங்கும். கம்பெனி வைத்த ட்யூனிங் மொத்தமும் உருமாறிவிடும். வெளியீட்டு இம்பிடன்ஸ் இயர்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் பொதுக் கணக்கு. வெளியீட்டு இம்பிடன்ஸ் குறைந்த ஒரு சாதாரண யுஎஸ்பி டாங்கிளில் மாட்டிக் கொடுத்தேன். "இதுதான்யா நான் காசு கொடுத்த சத்தம்" என்றார்.

எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் கிராஃப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காதுக்குப் பதிலாக இயர்போனைச் செருகி அளக்கும் கப்ளரில் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தெரியும் முகடு எவ்வளவு ஆழம் செருகினோம் என்பதைப் பொறுத்தது. அந்த முகடு இரண்டு கிராஃபில் வேறு இடத்தில் இருக்கிறது என்பதற்காகப் பொருளைப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். கீழ்ப்பகுதியும் நடுப்பகுதியும் ஒத்துப்போகிறதா, இடதும் வலதும் ஒத்துப்போகிறதா, அதைப் பாருங்கள்.


கொழும்புத் தம்பி

அண்ணாமார், வயர் இல்லாததைப் பற்றியும் ஒரு சொல். என்ர நண்பன் வாங்கின ஏர்பாட்ஸ் ப்ரோ போனுக்குப் பக்கத்தில மூடியைத் திறந்ததும் படம், பேட்டரி அளவு எல்லாம் காட்டினது. சீரியல் எண்ணும் ஆப்பிள் தளத்தில சரியெண்டு வந்தது. அசல் ஒன்றின்ர எண்ணை அப்படியே பிரதி எடுத்திருக்கினம். ஐபோன் மென்பொருள் ஐஓஎஸ் 16-க்குப் பிறகுதான் போனே "உறுதிப்படுத்த முடியவில்லை" எண்டு எச்சரிக்கத் தொடங்கினது, அதில பிடிபட்டது. நொய்ஸ் கேன்சலிங்கைப் போட்டால் பஸ் இரைச்சல் அப்படியே இருந்ததும் இன்னொரு சாட்சி.

கண்ணால மட்டும் பார்த்துச் சொல்ல ஏலாது என்பதற்கு ஒரு சம்பவம். 2020 ஆகஸ்ட் 31 அன்று நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் அமெரிக்கச் சுங்கத்துறை 2,000 போலி ஏர்பாட்ஸ் பிடிச்சது; செப்டம்பரில அதை அறிவிச்சது. அவர்கள் வெளியிட்ட படத்தில பெட்டியிலேயே ஒன்பிளஸ் பட்ஸ் எண்டு, அதாவது ஒன்பிளஸ் நிறுவனத்தின்ர சொந்தப் பொருளின்ர பெயர், எழுதியிருந்தது. பிறகு கேட்டபோது, வடிவம் ஆப்பிளின்ர வர்த்தக முத்திரையை மீறுது எண்டு விளக்கம் சொன்னவை. வெளித்தோற்றத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்றது சுங்க அதிகாரிகளுக்கே அவ்வளவு சிக்கல்.


புதுசு, திருச்சி

எல்லாருக்கும் நன்றி. எனக்கு அவசரமாக ஒரு சந்தேகம். ஆன்லைனில் எஸ்இ535 வாங்கினேன். குரல் பின்னால் போய் ஒளிந்துகொண்ட மாதிரி இருக்கிறது. விற்றவரிடம் கேட்டால், "நூறு மணி நேரம் பாட விடுங்க, பர்ன்-இன் ஆனதும் திறந்துக்கும்" என்கிறார். காத்திருக்கலாமா?


மேடை சவுண்டு, சேலம்

தம்பி, ரிட்டர்ன் கடைசி தேதி என்ன? நூறு மணி நேரம் பாட விட்டு முடிப்பதற்குள் அது தாண்டிவிடும். அதைச் சொல்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பேலன்ஸ்டு ஆர்மச்சர் ஓட ஓட ஒளிந்த குரலை வெளியே கொண்டுவரும் என்பதை நான் என் காதால் கேட்டதே இல்லை. இத்தனை வருஷத்தில் மாறிப் பார்த்தது கேட்கிறவரின் பழக்கமும் டிப் உட்காரும் விதமும்தான். முதலில் அக்கா சொன்னபடி டிப்பைச் சரிபார். அப்படியும் குரல் பின்னால் இருந்தால் அது எஸ்இ535-இன் குணமே இல்லை.

பெட்டி பிரித்தபோது வீடியோ எடுத்திருந்தால் பத்திரமாக வை. பில், உரையாடல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடு. திருப்பி வாங்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பட்ஜெட்தான் பிரச்சினை என்றால் பெரிய பெயரின் நிழலைத் தேடிப் போகாதே. செவன்ஹெர்ட்ஸ் ஜீரோ, மூன்ட்ராப் சூ மாதிரி இருபது டாலர் சுற்றிக் கிடைக்கும் அசல்களே இன்று குரலைச் சுத்தமாகக் கொடுக்கின்றன. எஸ்இ535 பெயர் போட்ட போலியைவிட அவை எவ்வளவோ மேல். எங்கள் பாடகன் இப்போது ரிகர்சலுக்குப் போட்டு வருவது அப்படி ஒன்றைத்தான்.


புதுசு, திருச்சி

அண்ணே, ரிட்டர்னுக்கு நாளைதான் கடைசி நாள். மூன்று அளவு டிப்பும் மாற்றிப் பார்த்துவிட்டேன், குரல் வரவில்லை. டார்ச் அடித்தேன், உள்ளே வட்டமாக ஒன்றுதான் தெரிகிறது. படம் எடுத்துச் சேர்த்து இப்போதே ரிட்டர்ன் போட்டுவிட்டேன். எடுத்துப்போக நாளைக் காலை ஆள் வருவதாக மெசேஜ் வந்துவிட்டது.