வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்த பினாங்கு எப்படி மீண்டது?

கேள்வி: ஜார்ஜ்டவுன் மாணவன்

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா வெல்ட் கீ படகுத்துறையில் மூட்டை சுமந்தவர். கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும்; தொங்கான் என்னும் சரக்குப் படகுகளில் வந்திறங்கும் அரிசி மூட்டைகளை அவர் குத்தி இழுத்த இரும்புக் கொக்கி, பிடி தேய்ந்து வழவழப்பாகி, இன்றும் எங்கள் வீட்டுச் சாமி மாடத்தின் அருகில் தொங்குகிறது. 1969-இல் பினாங்குத் தீவின் வரியில்லாத் துறைமுகத் தகுதி நீக்கப்பட்ட பிறகு, வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தாலே பெரிது என்றிருந்ததாகப் பாட்டி சொல்வார். அப்படி முடங்கிய ஊரில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை எழுந்ததற்கு அரசு காரணமா, வெளிநாட்டு நிறுவனங்கள் காரணமா? துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அதில் என்ன கிடைத்தது? பல்கலைக்கழக ஆய்வேட்டுக்காகக் கேட்கிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், பாயான் பாரு

தம்பி, சரிவு 1969-இல் தொடங்கவில்லை. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவுடன் நீடித்த மோதலில் சுமத்ராவோடு இருந்த பழைய வாணிபம் அறுந்துபோனது. சிங்கப்பூரும் கிள்ளானும் சரக்கை ஈர்த்துக்கொண்டன. வரிவிலக்கு நீங்கியது கடைசி அடி.

1969-இல் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ அதே ஆண்டில் பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார். 1971-இல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் வந்தது. மறு ஆண்டே பாயான் லெப்பாஸ் வட்டாரம் தொடங்கியது. தீவு முழுவதும் அனுபவித்த சலுகையை, வேலியிட்ட ஒரு நிலப்பரப்புக்குள், வாங்கி விற்பதற்காக அல்லாமல் உற்பத்திக்காக மீண்டும் கொடுத்தார்கள் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். வரிச்சலுகையை எந்த நாடும் கொடுக்கலாம். இங்கே சாலையும் தண்ணீரும் மின்சாரமும் ஆயத்தமாக இருந்தன. துறைமுக நகரத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் வேலையின்றி இருந்தார்கள். விமான நிலையம் பக்கத்திலேயே இருந்தது. ஆலைகள் செய்த மின்னணுச் சில்லுகள் எடை குறைந்தவை, விலை கூடியவை. அவற்றுக்குக் கப்பல் தேவைப்படவில்லை. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-இல் இங்கே திறந்தது. ஏ.எம்.டி., எச்.பி., ஹிட்டாச்சி, போஷ் ஆகியவையும் அந்தத் தொடக்க ஆண்டுகளிலேயே வந்துவிட்டன. ஆகவே, முதலில் அரசு நிலத்தைப் பண்படுத்தியது. நிறுவனங்கள் பிறகு வந்து விதைத்தன. இந்த வரிசையை உங்கள் ஆய்வேட்டில் மாற்றிவிடாதீர்கள்.

பதில் 2: முன்னாள் ஆலைத் தொழிலாளி, பட்டர்வொர்த்

அண்ணன் சொன்னது அனைத்தும் சரி. ஆனால் தம்பியின் இரண்டாவது கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. ஆலைகள் மூட்டை சுமந்த ஆண்களைக் கேட்கவில்லை. கண்பார்வை கூர்மையான இளம்பெண்களைத்தான் கேட்டன. என் அப்பாவும் துறைமுகக் கூலிதான். அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்க, 18 வயதில் நான் விடியற்காலை பெர்ரி பிடித்து, அக்கரையில் ஆலை பஸ் ஏறினேன். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் ஓரத்தில் ஒட்ட வேண்டும். மூச்சு சற்றுப் பலமாக வந்தாலும் கை ஆடிவிடும். அந்தச் சம்பளத்தில்தான் தம்பிமார் இருவரும் படித்தார்கள்.

1985-இல் மின்னணுத் தொழில் சரிந்தபோது என்னையும் ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். ஒரே ஒரு வேலை மட்டும் தெரிந்த கை எவ்வளவு பலவீனமானது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். 1989-இல் அரசும் நிறுவனங்களும் சேர்ந்து பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. போட்டி நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ்த் தங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அப்போது வேறோர் ஆலையில் இருந்த நான் அங்கே படித்துத்தான் டெக்னீஷியன் ஆனேன். என்னைக் கேட்டால், கட்டடங்களுக்குப் போட்ட பணத்தை விட அந்த மையத்துக்குப் போட்ட பணமே எங்கள் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது.

பதில் 3: லிட்டில் இந்தியா வாசி

துறைமுகம் செத்துப்போனதாக எழுதிவிடாதீர்கள். கொள்கலன் கப்பல்கள் வந்ததும் அது எதிர்க்கரையான பட்டர்வொர்த் பக்கம் நகர்ந்தது. ஜார்ஜ்டவுன் கரைதான் வெறிச்சோடியது. பழைய நகரத்தின் மீட்சி வேறு கதை. பழைய கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000-இல் முடிவுக்கு வந்ததும், தலைமுறைகளாகக் கடைவீடுகளில் குடியிருந்த பலர் வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. பிறகு மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கஸானா அமைத்த திங்க் சிட்டி என்னும் நகரப் புத்துயிர்ப்பு அமைப்பு, பழைய கட்டடங்களைச் சீர்செய்ய மானியம் கொடுத்தது. கூரைகள் பிழைத்தன, மகிழ்ச்சிதான்; ஆனால் அவற்றின் கீழ் இருந்த மாவு மில்காரரும் தையல்காரரும் இன்று என் தெருவில் இல்லை. 2021-இல் இன்டெல் பத்து ஆண்டுகளுக்கு 3,000 கோடி ரிங்கிட் முதலீட்டை அறிவித்தபோதும், நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வேலைக்குரிய படிப்பில் இருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் யோசித்தேன்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்காவின் பதிலைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். 1974-இல் என் பெரிய அத்தையும் பாயான் லெப்பாஸ் ஆலைக்குத்தான் போனாராம். தாத்தாவுக்கு வேலையில்லாத அந்த ஆண்டுகளில் அடுப்பு எரிந்தது அத்தையின் சம்பளத்தால்தான் என்று பாட்டி இன்றுதான் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சுங்கை ஆராவுக்குப் போய் அத்தையைப் பார்க்கிறேன். ஆய்வேட்டின் முதல் நேர்காணல் அவருடையதாகவே இருக்கும்.