மண்புழு நரம்பு: குளிரில் வேகம் கூடுகிறதே, ஏன்?

முதுகலை_விலங்கியல்
அவசரம். திங்களன்று பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும். மண்புழுவைத் தொட்டு, நரம்புத் துடிப்பு கடத்தப்படும் வேகத்தை அளந்தேன். அறை வெப்பநிலையில் நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர். குளிரவைத்த பிறகு 17. குறையத்தானே வேண்டும்? கருவி சரியாகத்தான் இருக்கிறது. காரணம் சொல்லுங்கள்.

உரக்குழி
எந்தப் புழு? உரத்தொட்டியிலிருந்து எடுத்ததா? அப்படியென்றால் பெரும்பாலும் யூட்ரிலஸ் யூஜினியே. ஆப்பிரிக்க வெப்பமண்டலப் புழு, குளிர் ஆகாது. பாடப்புத்தகத்து லாம்பிட்டோ மாருட்டியின் கணக்கு இதற்குப் பொருந்தாது.

அலைக்காட்டி
மின்முனைகளுக்கு இடையே எத்தனை சென்டிமீட்டர்? நொடிக்கு எத்தனை மாதிரிகள் பதிவாகின்றன? அறை வெப்பநிலை என்றால் எவ்வளவு? ஊட்டியில் ஒன்று, வேலூரில் வேறொன்று.

கழுவுகுப்பி
எத்தனாலில் மயக்கினீர்களா? சரியாகக் கழுவியிருக்க மாட்டீர்கள். முதல் அளவீட்டில் புழு போதையில் இருந்திருக்கும், குளிர்வதற்குள் தெளிந்திருக்கும். என் மாணவர்களிடம் எப்போதும் இதுதான் நடக்கும்.

பேராசான்
தம்பி, அடிப்படையைப் படித்துவிட்டு ஆய்வகத்துக்குள் போயிருக்கலாம். கணவாய் மீனின் இராட்சத நரம்பிழையில் (மிகப் பருமனான நரம்பிழை) ஹாட்ஜ்கின், காட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1949-லேயே காட்டிவிட்டார்கள். சூடு ஏற ஏறத் துடிப்பு குறுகும், உயரமும் குறையும். ஓர் எல்லைக்கு மேல் துடிப்பே எழாது, ஆறினால் திரும்பும். உன் அறையின் சூட்டில் நரம்பு அடைபடத் தொடங்கியிருக்கிறது. பத்து டிகிரிக்கு மும்மடங்கு என்று கணக்குப் போட்டுப் பார்.

ஓட்டுநண்டு
ஐயா, கணவாய்க்கே அந்த அடைப்பு 35 டிகிரிக்கு மேல்தான். மும்மடங்கு என்பது 1952-ல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்புச் சவ்விலுள்ள அயனி வாயில்கள் திறந்து மூடும் விரைவுக்குக் கொடுத்த எண். கடத்தும் வேகம் அவ்வளவு ஏறாது. சவ்வின் மின்தேக்கமும் இழைக்குள் இருக்கும் திரவத்தின் மின்தடையும் வெப்பத்தால் அதிகம் மாறுவதில்லை. ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்றால் நம்பலாம்.

பேராசான்
1963-ல் நோபல் கிடைத்தது கணவாய்க்கு, நண்டுக்கு அல்ல.

ஓட்டுநண்டு
நரம்பியலாளர் ஈவ் மார்டரின் ஆய்வகத்தில் கேன்சர் பொரியாலிஸ் நண்டின் இரைப்பை நரம்புமுடிச்சை 7 முதல் 23 டிகிரி வரை சூடாக்கினார்கள். பைலோரிக் தாளம் (இரைப்பைத் தசைகளை இயக்கும் நரம்புத் தாளம்) விரைந்தது, ஆனால் ஒரு சுற்றுக்குள் எந்த நரம்பணு எந்தக் கட்டத்தில் துடிக்கிறது என்பது மாறவில்லை. அயனி வாயில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விகிதத்தில் வேகமெடுக்கும்போது ஒழுங்கு எப்படிக் குலையாமல் நிற்கிறது? ஒற்றைக் கணவாய் இழையிடம் இதற்குப் பதில் இல்லை.

பேராசான்
இன்னும் சூடாக்கினால் அதுவும் சிதறுகிறதே. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

உரக்குழி
கேட்டது மண்புழுவைப் பற்றி.

அலைக்காட்டி
இரண்டு முறையும் ஒரே முனையையா தொட்டீர்கள்?

முதுகலை_விலங்கியல்
தம்பி இல்லை, தங்கை. இடைவெளி 1 செ.மீ., நொடிக்கு 10,000 மாதிரிகள். அறை 29 டிகிரி, குளிர் 15. எத்தனால் இரண்டுக்கும் ஒரே அளவு, கழுவினேன். முதலில் வாலைத் தொட்டேன். பனிக்கட்டிப் பெட்டிக்காகத் தட்டைத் திருப்பியதில் தலைதான் கைக்கு எட்டியது. அதனால் என்ன?

அலைக்காட்டி
அதனால்தான் எல்லாமே. தலைப்பக்கம் தொட்டால் நடு இராட்சத இழை துடிக்கும், வாலில் தொட்டால் பக்க இழைகள். நடு இழை பருமனானது, ஏறத்தாழ இரு மடங்கு வேகம். நீங்கள் ஒப்பிட்டது வெப்பநிலைகளை அல்ல, இரண்டு வேறு இழைகளை. இன்னொன்று: 1 செ.மீ.க்கு உங்களிடம் இருப்பது ஆறே மாதிரிகள். ஒன்று பிசகினாலும் 17 என்பது 14 ஆகும், அல்லது 20. இடைவெளியை 4 செ.மீ. ஆக்குங்கள். குளிரில் துடிப்பு அகன்றுவிடும், ஆகவே உச்சியை விட்டுவிட்டு அது எழத் தொடங்கும் இடத்தைக் குறியுங்கள். கிளைடெல்லம் (உடலைச் சுற்றியுள்ள தடித்த பட்டை) இருக்கும் பக்கம் தலை.

கழுவுகுப்பி
எத்தனாலை நான் இன்னும் விடவில்லை.

முதுகலை_விலங்கியல்
4 செ.மீ., தலை மட்டும். 29 டிகிரியில் 1.4 மில்லிநொடி, 15-ல் 2.4. நன்றி, எழுதப் போகிறேன்.

ஓட்டுநண்டு
15 டிகிரியிலிருந்து 29-க்குப் போகும்போது நொடிக்கு 16.7-லிருந்து 28.6 மீட்டர். பத்து டிகிரிக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மூன்று அல்ல.

பேராசான்
வெப்பமானியை எங்கே வைத்தாய், அம்மா? 15 என்பது புழுவின் உடல் வெப்பமா, பனிக்கட்டிக்குப் பக்கத்துக் காற்றா?